இரண்டு நகம்

காலடிப்பேட்டைக்குக் கிழக்கே, ரோட்டைத் தாண்டி மணல் தொடங்குகிற இடத்தில் ஆறு வீடுகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் கிடைப்பது அபூர்வம். அதனாலேயே அந்த ஆறு வீட்டுக்காரர்களுக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் சுகாதார ஆட்கள் இரண்டு பேர் அந்தக் கிணற்றில் மீன் விடுவதற்காக ஒரு மண்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொசுப்புழுவைத் தின்கிற மீன், பாதி விரல் நீளம்கூட இருக்காது, தண்ணீர் கெடாது, காய்ச்சல் வராது என்று எடுத்துச் சொன்னார்கள்.

கெங்கம்மா அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்து, காலியான கூடையைக் கவிழ்த்துக் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாது, மீனா? எங்க கெணத்துலயா? தண்ணில கீற மீன வெளிய எட்த்து துன்றவங்க நாங்க. எங்க கைல வந்து மீன் குடுக்கிறியா நைனா? அது பேல்றது, மூத்தரம் போறது எல்லாம் யார் குடிக்கறது, உன்னப் பெத்தவளா?"

சொல்லிக்கொண்டே பானையைப் பிடுங்கி மணலில் கவிழ்த்துவிட்டாள். மீன்கள் துள்ளின. காக்கைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஆறு வீடும் வாசலில் நின்று சிரித்தது. "மீன்காரி கிட்டயே மீன் வித்துட்டுப் போவப் பாத்தானுங்க" என்று அந்தக் கதை டோல்கேட் வரைக்கும் போனது. கெங்கம்மாவின் புருஷன் கோதண்டம் அந்தச் சமயத்தில் பழவேற்காட்டுப் பக்கம் மாதக் கணக்கில் தொழிலுக்குப் போயிருந்தான். அவன் காதுக்கு மட்டும் அது வரவில்லை.

அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் சௌக்கத் அலி. அவன் சிரித்திருக்கக் கூடாது. அந்த ஆறு வீட்டிலும் கொசுவைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

சௌக்கத் அலி பறவை பிடிக்கிறவன். ஆறு வீட்டில் அவன் வீடு ஒன்றுதான் முஸ்லிம் வீடு. பெண்டாட்டி ஷரீஃபுன்னிசா, இரண்டு வயது மகள் மரியம். விடியும்போது மணலி ஏரிக்கோ, எண்ணூர்க் கழியின் உப்பளங்களுக்கோ போய்விடுவான். அவனிடம் கண் தைத்த குருட்டுக் கொக்கு ஒன்று இருந்தது. இமை இரண்டையும் மெல்லிய நூலால் ஒரே ஒரு தையல் போட்டு மூடியிருப்பான். கண் தெரியாத கொக்கு கட்டிய இடத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கும். அதை வரப்பில் முளையடித்து நிறுத்திவிட்டு, சுற்றிலும் குதிரைமயிர்க் கண்ணி பதித்துவிட்டு, சேற்றில் முழங்கால் புதைய உட்கார்ந்திருப்பான். அட்டை கடித்தாலும் அசையக் கூடாது, இருமக் கூடாது. நம்மவன் ஒருத்தன் நிம்மதியாக நிற்கிறானே என்று மற்றக் கொக்குகள் வந்து இறங்கும். கண்ணியில் கால் வைக்கும். இது பாவம்தான். ஆனால் அந்தப் பாவத்தைக் குழம்பு வைத்துத் தின்னாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. கொக்கு, நீர்க்கோழி, உள்ளான், எது மாட்டினாலும் டோல்கேட்டில் பத்து மணிக்குள் விற்றுப் போகும்.

இரண்டு வருஷமாக அவனுக்கு இன்னொரு வாடிக்கையும் இருந்தது. ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் காய்ச்சலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற சின்ன இடம் ஒன்று. ஜனங்கள் அதைப் பூச்சி ஆபீஸ் என்பார்கள். காட்டுப் பறவைகளின் ரத்தத்தில் இருக்கிற பூச்சிகளை அங்கே பார்த்தார்கள். அதற்கு உயிரோடு பறவை வேண்டும். அங்கே வேலை பார்த்த வேதமாணிக்கம் என்கிற திருநெல்வேலிக்காரர் பறவையின் கால்விரலில் நகத்தைக் கொஞ்சம் உள்வாங்கி வெட்டுவார். வருகிற ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துக் காய வைத்து, சாயம் போட்டுப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். ரத்தம் எடுத்த பறவைக்கு ஒரு நகம் இருக்காது. பூச்சி இருக்கிற பறவை என்று தெரிந்தால் அடையாளத்துக்கு இரண்டாவது நகத்தையும் வெட்டிவிடுவார். பத்து நாள் கூண்டில் வைத்துத் தானியம் போட்டுப் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததும் சௌக்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவனுடைய குருட்டுக் கொக்குக்கே இரண்டு நகம் இல்லை.

ஒருநாள் வேதமாணிக்கம் அவனைக் கூப்பிட்டுப் பூதக்கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னார். வெளிர்சிவப்பில் நூறு நூறாக ரத்தத் துணுக்குகள். சிலவற்றுக்குள் மட்டும் கருநீலமாகப் பிறை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"அதுதாம் வே பூச்சி. மனுசனுக்கு மலேரியா வருதுல்லா, அது மாதிரி பறவைக்கு."

போதாதா? அன்றைக்குச் சாயங்காலமே டோல்கேட் டீக்கடையில் சௌக்கத் பெஞ்சின்மேல் ஏறி நிற்காத குறைதான். "என் பறவை ரத்தத்துல மலேரியா கீது வாத்யாரே! என் ரெண்டு கண்ணால பாத்தேன். பொட்டுப் பொட்டா, ஊதா கலர்ல கீது. ரெண்டு நகம் வெட்டுன பறவைன்னா சும்மா இல்ல, அது சர்க்காரு பறவை!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது ஒரு வாய்தான். டீக்கடைக்கு நாற்பது வாய்.

புரட்டாசி கடைசியில் மழை பிடித்தது. மழையோடு காய்ச்சலும் வந்தது. குளிர் வந்து பல் கிட்டிக்கொள்ளும். மூன்று போர்வை போட்டாலும் நிற்காது. பிறகு உடம்பு அடுப்பாகிவிடும். பிறகு வேர்த்து ஊற்றி ஒன்றுமே நடக்காத மாதிரி விட்டுவிடும். கெங்கம்மாவின் மகள் குணசுந்தரிக்கும் வந்தது. ஏழு வயது. பழவேற்காட்டிலிருந்து திரும்பியிருந்த கோதண்டம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொயினா மாத்திரை வாங்கி வந்தான். அந்தக் கசப்பைக் குழந்தை பாதி விழுங்கியது, பாதி துப்பியது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று மாத்திரையையும் விட்டுவிட்டார்கள்.

குணசுந்தரி தினமும் சௌக்கத்தின் கூண்டுகளுக்கு முன்னால் வந்து குந்திக்கொள்ளும் பெண். குருட்டுக் கொக்கை அவள் "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். அம்மாவின் கூடையில் ஒட்டிக்கொண்டிருக்கிற பொடி மீனைக் கொண்டுவந்து அதன் அலகில் தட்டித் தட்டி ஊட்டுவாள். அந்தப் பெண் படுத்துவிட்டாள் என்றதும் சௌக்கத்துக்கு மனசு கேட்கவில்லை. இருந்ததில் கொழுத்த நீர்க்கோழி ஒன்றை எடுத்து, பிஸ்மில்லா சொல்லி அறுத்து, ரத்தம் வடிந்ததும் தானே கொண்டுபோய்க் கெங்கம்மாவிடம் கொடுத்தான். காய்ச்சலில் விழுந்த உடம்புக்கு நீர்க்கோழிச் சாறு மாதிரி ஒன்று இல்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"மொளவு தூக்கலாப் போட்டு சாறு வெச்சுக் குடு கெங்கம்மா. பொண்ணு நாளைக்கே எய்ந்து ஓடும்."

"நீ நல்லா இருப்ப பாய்" என்றாள் அவள்.

கொழுத்த நீர்க்கோழி ஏன் கொழுத்திருந்தது என்றால், பூச்சி ஆபீஸில் பத்து நாள் தானியம் தின்றதால். அதன் காலில் இரண்டு நகம் இல்லை. வேகவைத்தால் ஒன்றும் இல்லை என்று வேதமாணிக்கம் எப்போதோ சொல்லியிருந்ததால் சௌக்கத் அதைப் பார்க்கவும் இல்லை. இறகு பிடுங்கி, காலைத் தீயில் வாட்டித் தோலுரிக்கும்போது கெங்கம்மா பார்த்தாள். அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் காலைத்தான் குணசுந்தரி ருசித்துச் சப்பினாள்.

மறுநாள் காய்ச்சல் திரும்ப வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதுதான் அதன் முறை. கோழி தின்றாலும் வந்திருக்கும், கஞ்சி குடித்தாலும் வந்திருக்கும். ஆனால் இந்த முறை கண் சொருகி, வலிப்பு வந்து, பொழுது சாயும் முன்பே பெண் போய்விட்டாள்.

பிணத்தைத் தூக்குவதற்கு முன்பே கெங்கம்மாவுக்கு அந்த இரண்டு நகம் ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் ஷரீஃபுன்னிசா குடத்தோடு கிணற்றுக்குப் போனபோது கயிற்றைக் காணோம். வலை பின்னுகிற மண்ணாங்கட்டி அதைச் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"கெணத்துல கை வைக்காத. கோயிய துன்னக் குடுத்து கொயந்தைய கொன்னீங்க, தண்ணிலயும் ஏதாச்சும் போடுவீங்க."

"இன்னா பேசற நீ? நாங்களும் இந்தத் தண்ணி தானே குடிக்கிறோம்?"

"போம்மே. கலீஜ் புடிச்ச கும்பல்."

அவள் அரை மைல் நடந்து ரோட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தாள். திரும்பி வரும்போது வாசலில் மீன் குடல் கொட்டிக் கிடந்தது. டோல்கேட்டில் சௌக்கத்தின் பறவையை ஒருவனும் தொடவில்லை. நேற்று வரைக்கும் அவன் கதையை வாய் பிளந்து கேட்ட அதே டீக்கடைக்காரன், "மலேரியா பாய், அப்பால போய் நில்லு" என்றான்.

சௌக்கத் நேரே ராயபுரத்துக்குப் போனான். வேதமாணிக்கம் மேஜையில் கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பறவைக்கு இருக்க பூச்சி வேற, மனுசனுக்கு வர்ற பூச்சி வேற வே. ரெண்டும் பங்காளிங்க மாதிரி. ஆனா ஒருத்தன் வீட்டுக்குள்ள இன்னொருத்தன் கால் வைக்க மாட்டான். அதுலயும் வெந்த கறியில எந்தப் பூச்சி உசுரோட இருக்கும்? மனுசனுக்கு மனுசங்கிட்ட இருந்துதான் வரும், கொசு வழியா."

"இத்த எங்க ஆளுங்க கிட்ட வந்து சொல்லு சார். நான் சொன்னா யாரும் நம்ப மாட்றான்."

"நான் சொன்னா நம்பிருவாங்களா?"

"நீ படிச்சவன் சார்."

வேதமாணிக்கம் சில்லுகளைப் பெட்டியில் வைத்து மூடினார். வருகிறேன் என்றார், வரவும் வந்தார். வந்த நேரம்தான் சரியில்லை. மூன்றாம் நாள், குழியில் பால் ஊற்றிவிட்டு ஈர வேட்டியோடு ஜனம் திரும்பிக்கொண்டிருந்தபோது அவருடைய சைக்கிள் சௌக்கத்தின் வாசலில் வந்து நின்றது. பத்து இருபது பேர் வந்தவர்கள் ஐம்பது பேர் ஆனார்கள்.

"பாய், வெளிய வா" என்றான் கோதண்டம். கத்தவில்லை. அழுது அழுது அவனுக்குக் குரலே இல்லை.

சௌக்கத் வந்தான். ஷரீஃபுன்னிசா மரியத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"ரெண்டு நகம் வெட்டுன கோயி தானே குட்த்த? உன் வாயால சொல்லு."

"குட்த்தேன். ஆனா காச்ச மொதல்ல வந்துச்சு கோதண்டம், கோயி அப்பால தான் வந்துச்சு. யோசிச்சுப் பாரு."

"வந்த காச்ச வுட்டுப் பூட்ச்சுடா!" கூட்டத்துக்குள்ளிருந்து கெங்கம்மா பாய்ந்தாள். "எம் பொண்ணு சாறு கேட்டு குந்திகினு குட்ச்சா. உன் கோயி உள்ள போன அப்பால தான் திரும்பி வந்துச்சு. பேமானி, உன் வாயில மண்ணு வுய!"

வேதமாணிக்கம் கையைத் தூக்கினார். பறவைப் பூச்சி வேறு, மனுஷப் பூச்சி வேறு என்று ஆரம்பித்தார். மூன்று வாக்கியம் கேட்டார்கள்.

"அப்ப எதுக்குயா சர்க்காரு அத்த பாக்குது? வேல இல்லாமயா?" என்றான் மண்ணாங்கட்டி.

"ஒண்ணத் தெரிஞ்சா இன்னொண்ணு தெரியும், அதுக்குத்தான். உங்க பிள்ளைக்கு வந்தது கொசுவால. அந்தக் கொசு வளர்றது உங்க கிணத்துல." வேதமாணிக்கம் நேரே கிணற்றடிக்குப் போய், பக்கத்து வாசலில் கிடந்த கயிற்றையும் வாளியையும் எடுத்து இறக்கி இழுத்து, ஒரு கை தண்ணீரை அள்ளிக் காட்டினார். தண்ணீருக்கு மேலே துரும்பு துரும்பாகப் படுத்திருந்தவை நெளிந்து கீழே போயின. "பாருங்க. இதைத் திங்கத்தான் ஆடி மாசம் மீன் கொண்டுவந்தாங்க. ஆபீஸ் வரைக்கும் சிரிச்சாங்களே, மீன்பானையைக் கவுத்திட்டாங்கன்னு. அது இந்தக் கிணறுதான? யாரு கவுத்தது?"

ஐம்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரித்த வாய்கள் எல்லாம் அங்கேயேதான் இருந்தன.

"யாரு?" என்று கேட்டான் கோதண்டம். "யார்ரா அது?"

கெங்கம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. சௌக்கத் வாயைத் திறந்தான். ஷரீஃபுன்னிசா பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"இன்னாத்துக்கு இவன் கிட்ட பேச்சு? வுட்டா கெணத்துக் கதை, கொளத்துக் கதை எல்லாம் சொல்லுவான்!" என்று கத்தினான் மண்ணாங்கட்டி. "கூண்ட ஒடைங்கடா!"

அதற்குத்தான் எல்லோரும் காத்திருந்த மாதிரி இருந்தது. மூங்கில் கூண்டுகள் நொறுங்கின. பத்தொன்பது பறவைகள். கொக்கும் நீர்க்கோழியும் உள்ளானுமாகக் கையில் அகப்பட்டதை எல்லாம் கழுத்தைத் திருகித் திருகி எறிந்தார்கள். இறகு பறந்து கிணற்றுக்குள் விழுந்தது. அதையும் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. வேதமாணிக்கம் சைக்கிளுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆனாலும் ஓடவில்லை. அந்த மட்டுக்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

கோதண்டம் செத்த நீர்க்கோழி ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கினான். இரண்டு நகம் இல்லை.

"இதுல ஒண்ணும் இல்லன்ற. சரி. ஆக்கித் துன்னு. நீயும் உம் பொண்டாட்டியும் எங்க கண்ணு முன்னாடி துன்னுங்க."

சௌக்கத் பின்னால் நகர்ந்தான். "அது எங்களுக்கு ஆவாது கோதண்டம். அறுக்காம செத்தது ஹராம். உனக்குத் தெரியாதா?"

கோதண்டத்துக்குத் தெரியும். பத்து வருஷமாக அடுத்த வீடு. பக்ரீத்துக்கு இங்கிருந்து அவன் வீட்டுக்குக் கறி போய், தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரம் வந்த வீடு. ஆனால் அந்த நேரத்தில் அவன் அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

"பாத்தியா? துன்ன மாட்றான்!" என்றான் மண்ணாங்கட்டி. "தெரிஞ்சவனுக்குத் தான் பயம். கம்னாட்டி, ஊரான் வூட்டுக் கொயந்தைன்னா மட்டும் துன்னலாமா?"

கல் ஒன்று வந்து கதவில் பட்டது. மரியம் வீறிட்டாள். அப்போதுதான் ஷரீஃபுன்னிசா வெளியே வந்தாள்.

"கய்த்த திருகுனது நீங்க. அத்த நாங்க துன்ன மாட்டோம், கொன்னு போட்டாலும் துன்ன மாட்டோம். ரெண்டு நகம் வெட்டுனது உசுரோட ஒண்ணு கீது. அத்த அறுத்து ஆக்கி துன்றோம். போதுமா?"

உள்ளே போய்க் கவிழ்த்த கூடைக்கு அடியிலிருந்து குருட்டுக் கொக்கை எடுத்து வந்தாள். சௌக்கத் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அந்தக் கொக்கு இல்லாவிட்டால் அவன் வெறும் ஆள். மற்றப் பறவைகளை இறக்குகிற இந்த மாதிரிப் பார்வைக் கொக்கு ஒன்றைப் பழக்க ஒரு வருஷம் ஆகும். அதுவா, அது ஐம்பது பேர் கத்துகிற கத்தலில் எப்போதும் போல அசையாமல் நின்றது.

"அறுங்க" என்றாள் அவள்.

அறுத்தான். பிஸ்மில்லா தவறவில்லை. வாசலிலேயே மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். மஞ்சளும் மிளகும் உப்பும் போட்டாள். அது வேகிற நேரம் முழுவதும் ஜனம் நகரவில்லை. கொக்குக் கறிக்குச் சேற்று நாற்றம் உண்டு. அது மணலில் படர்ந்து நின்றது. வெந்ததும் தட்டில் எடுத்தாள். முதல் பிடியைப் பிய்த்து ஊதி ஆற்றி, இடுப்பில் இருந்த மரியத்தின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னா பெரியவங்களுக்கு ஆவாதுன்னுவீங்க. இந்தா பாத்துக்கோங்க, எம் பொண்ணுக்குத் தான் மொதல்ல."

மரியம் வாயைத் திறந்தாள்.

கெங்கம்மா தட்டைப் பிடுங்கினாள். குழம்பு அவள் கையில் கொட்டிச் சுட்டது. "அடிப் பாவி முண்ட! இன்னொரு கொயந்தையா? குடுறீ இங்க. எம் பொண்ணு துன்னத நான் துன்றேன். அவளுக்கு வந்தது எனக்கு வரட்டும்." மணலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயில் திணித்தாள். எலும்பை விடவில்லை, நகமில்லாத அந்தக் காலைக்கூடச் சப்பினாள். கோதண்டம் தடுக்கப் போனான். அவனை முழங்கையால் தள்ளினாள். மகள் மீன் ஊட்டி வளர்த்த கொக்கு அது என்று அவளுக்குத் தெரியும். ஒருவேளை அதனால்தான் அழுதுகொண்டே தின்றாள்.

கோதண்டம் வேதமாணிக்கத்தைப் பார்த்துத் திரும்பினான். "எத்தினி நாள்ல தெரியும்?"

"பதினைஞ்சு நாள்" என்றார் அவர். "ஆனா அந்தக் கறியால..."

"பதினைஞ்சு நாளு. அதுக்குள்ள இவளுக்கு குளிர் வந்துச்சு, வூட்டோட வெச்சு கொளுத்துவேன் பாய். அதுவரைக்கும் உன் வூட்டுலந்து ஒரு சட்டி வெளிய போவக் கூடாது."

அந்தப் பதினைந்து நாளைப் போல ஒரு பதினைந்து நாள் எதிரிக்கும் வேண்டாம். சௌக்கத்துக்கு அன்று சாயங்காலமே ஒன்று உறைத்தது. கறியால் கெங்கம்மாவுக்கு ஒன்றும் வராது. கிணறு? கிணறு அப்படியேதான் இருக்கிறது. ஒரு கொசு போதும்.

"கோயினால வரல, கொசுனால வந்துச்சுன்னு அப்ப யார் கிட்ட போய் சொல்றது?" என்றான்.

"யாரு கேப்பாங்க?" என்றாள் ஷரீஃபுன்னிசா. "அவளுக்கு வரக் கூடாது. அவ்ளோதான்."

அன்றிலிருந்து பொழுது சாயும்போதெல்லாம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கெங்கம்மாவின் வீட்டுக்குக் காற்று வருகிற பக்கமாகச் சட்டியில் தணல் போட்டு, பச்சை வேப்பிலையைக் குவித்து மூட்டம் போட்டாள். புகை நேரே கெங்கம்மாவின் கதவுக்குள் போகும். கண் எரிந்தால் அவர்கள் வைவார்கள்; அவள் இன்னும் இரண்டு கை இலை போடுவாள். அன்பினால் செய்தாள் என்று சொல்லாதீர்கள். பயத்தில் செய்தாள். தன் வயிற்றில் பிறந்ததைக்கூட அவள் அவ்வளவு கவலையோடு பார்த்துக்கொண்டதில்லை.

கெங்கம்மாவோ காய்ச்சலை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்தாள். ஈரத் தலையோடு படுத்தாள். எதிர் வாசலில் உட்கார்ந்து சௌக்கத்தின் வீட்டையே பார்த்துக்கொண்டு, புறங்கையைக் கழுத்தில் வைத்து வைத்துச் சூடு பார்த்தாள். ஒன்பதாம் நாள் அவள் அடுத்தடுத்து மூன்று தும்மல் போட்டபோது சௌக்கத் மரியத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடத் தயாரானான். யாரோ மிளகாய் வறுத்த நெடி அது. அதை அறிந்தபிறகுதான் மரியத்தைக் கீழே இறக்கினான்.

பதினைந்தாம் நாள் முடிந்தது. கெங்கம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. கோதண்டம் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான். தப்பு என்று அவன் சொல்லவில்லை. சொல்கிற ஜாதியும் அல்ல. மற்ற நான்கு வீடும் தெரியாத மாதிரி இருந்தன. மண்ணாங்கட்டி கயிற்றைக் கிணற்றில் திரும்பக் கட்டினான். காறித் துப்பிவிட்டுத்தான் கட்டினான்.

பதினாறாம் நாள் காலையில் ஷரீஃபுன்னிசாவின் தம்பி ரஷீது கொருக்குப்பேட்டையிலிருந்து கைவண்டி தள்ளிக்கொண்டு வந்தான். அங்கே ரயில் லைனுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தான். சட்டி பானை, பாய், கண்ணி மூட்டை எல்லாம் வண்டியில் ஏறியது. அப்போது கெங்கம்மா வந்தாள். தலை வாரவில்லை. வந்தவள் சௌக்கத்தின் முன்னால் நின்றாள்.

"எனக்கு ஏன் வர்ல?"

சௌக்கத் வண்டியில் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"கேக்கறேன்ல? முய்சா துன்னேன். எலும்பு வுடல. எம் பொண்ணு ஒரு கால் தான் துன்னா. எனக்கு ஏன்டா வர்ல?"

"பறவையினால வராது கெங்கம்மா. அப்பவே..."

"அப்ப எதுனால வந்துச்சு? சொல்லு. சொல்லேன்டா." அவள் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள், திரும்பிப் பார்க்கவில்லை. "பானைய கவுத்தது யாருன்னு எம் புருசன் கேக்கறாரு. தெனம் கேக்கறாரு. யாரும் சொல்லல. நீ ஏன் சொல்லல? அன்னிக்கு வாயத் தொறந்தியே, சொல்லிட்டா உன் தலை தப்பிச்சிருக்கும்ல?"

ஷரீஃபுன்னிசா வண்டியிலிருந்து கையை எடுத்தாள். "சொல்லியிருந்தா உன்னக் கொன்னுருப்பான்."

"கொன்னா நல்லா இருந்திருக்கும்." கெங்கம்மா மூக்கைச் சிந்தி மணலில் எறிந்தாள். பிறகு சௌக்கத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். "நீயும் சிரிச்சடா அன்னிக்கு! கொசு, பூச்சி எல்லாம் தெரிஞ்சவன் தானே? வேணாம் கெங்கம்மா, வுடச் சொல்லுன்னு ஒரு வார்த்த சொன்னியா? வயித்தப் புடிச்சிகினு சிரிச்ச. சிரிச்சுட்டு இப்ப கொருக்குப்பேட்டைக்கு ஓடறியா?"

"இங்க எப்படி இருக்கறது?" என்றான் சௌக்கத். "எல்லாரும் தெனம் திட்டறீங்க. கல் எடுக்கறீங்க."

"திட்டத் தான் செய்வேன். சாவுற வரைக்கும் திட்டுவேன். நீ பூட்டா நான் யாரத் திட்டறது? வெடிஞ்சா எய்ந்து என்னையே திட்டிகினு கெடக்கறதா?"

அவள் வண்டியிலிருந்த பாயை உருவி அவர்கள் வீட்டுக்குள் எறிந்தாள். அடுத்துச் சட்டியை எடுத்தாள். அது விழுந்து உடைந்தது. ரஷீது தடுக்கப் போனான். "வுடுடா" என்றாள் ஷரீஃபுன்னிசா. கெங்கம்மா ஒவ்வொன்றாக எறிந்தாள். வண்டி காலியானதும் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

அவர்கள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ரஷீது தலையில் அடித்துக்கொண்டு கேட்டான். சௌக்கத் உள்ளே போய், எறிந்து கிடந்த பாயை எடுத்து விரித்தான். ஷரீஃபுன்னிசா உடைந்த சட்டிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே, "நீ போடா, வண்டிய வாடகைக்கு குட்த்தவன் காத்துகினு கீறான்" என்றாள்.

கார்த்திகையில் சுகாதார ஆட்கள் திரும்ப வந்தார்கள். போய்க் கூட்டி வந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. போன தடவை பட்டது போதும் என்று அந்த இரண்டு பேரும் பானையோடு எட்டவே நின்றார்கள். கெங்கம்மா போய்ப் பானையை வாங்கிக்கொண்டாள். கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து, தண்ணீர் சிந்தாமல், மீன் அடிபடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தாள். மீன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. முதல் மீன் விழுந்ததிலிருந்து கடைசி மீன் விழும் வரைக்கும், ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, சௌக்கத் அலியையும் அவன் குலத்தையும் அவன் பறவைகளையும் வாய்க்கு வந்தபடி வைதாள்.

ஷரீஃபுன்னிசா குடத்தோடு வந்து, அவள் வைது முடிக்கும்வரை ஓரமாக நின்றாள். பிறகு கயிற்றை எடுத்துத் தண்ணீர் இறைத்தாள்.